தூசி அல்ல

சித்திரையில் எங்கள் காற்றாடிகள் நிற்கும்.
பழவூருக்கு வடக்கே பொட்டல் முழுக்க
வெள்ளைத் தூண்கள், கை விரித்தபடி, சும்மா.
இரவுப் பணிப் பதிவேட்டில்
மணிக்கொரு தடவை ஒரே வரி எழுதுகிறேன்:
காற்று இல்லை. உற்பத்தி இல்லை.

மிச்ச நேரத்துக்கு
கட்டுப்பாட்டு அறை மாடியில் தொலைநோக்கி.
தவணை இன்னும் ஏழு பாக்கி.

தெற்கே, கூடங்குளத்து வெளிச்சத்துக்குச் சற்று மேலே,
நீட்டிய கைக்கு ஒரு சாண் உயரத்தில்
(எங்களுக்கு அதற்கு மேல் ஏறாது,
டெல்லிக்காரனுக்கு அதுவும் கிடையாது)
ஒரு சிவப்பு இருக்கிறது.
வெறுங்கண்ணுக்குச் சிக்காது.
மூன்று மூன்று நிமிடமாக
இருபது படம் எடுத்து அடுக்கினால்
பீட்ரூட் வெந்த தண்ணீர்போல ஊறிவரும்.

அதன் நடுவே கரும்புள்ளிகள்.

உவரி மிக்கேல் எங்கள் ஜீப் ஓட்டுகிறவன்.
எட்டிப் பார்த்தான்.
"லென்சுல தேரி மண்ணுக்கா. தொடச்சிப்போடுங்க."
நானும் அப்படித்தான் நினைத்து
மூன்று இரவு துடைத்திருந்தேன்.
துணிதான் கறுத்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.
அவை மேகங்கள்.
ஒவ்வொன்றும் நம் சூரியக் குடும்பத்தைப்
பல தடவை விழுங்கி, இன்னும் இடம் வைத்திருக்கும்.
உள்ளே அப்படியொரு குளிர்,
பின்னாலிருக்கும் சிவப்பு ஒரு சொட்டும் கசியாத இருட்டு.

பக்கத்தில்தான் அந்த நீலப் பிள்ளைகள்.
ஒரே மேகத்தில் உருவானவைதான் எல்லாம்.
முந்திக்கொண்டவை நட்சத்திரங்களாயின.
அவற்றின் வெளிச்சம் சுடுவதோடு நிற்பதில்லை,
அணுவை உடைக்கும்.
புள்ளியின் அந்தப் பக்கத்துத் தோல் கொதித்து
ஆவியாய்ப் பிய்ந்து ஓடுகிறது.
ஓடுகிற ஆவி மிச்சத்தைப்
பின்னுக்கு உதைக்கிறது.
உதைபட்டது நசுங்கும், நீளும், இரண்டாய்ப் பிளக்கும்.
தன் தோலே தன்னைத் தள்ள,
ஒளிக்கு முதுகு காட்டக்கூட அதற்கு ஒரு முதுகு கிடையாது.

நசுங்குகிற நசுங்கலில்
நடுப்பகுதி இறுகிப் பற்றிக்கொண்டால்
அதுவும் ஒரு நட்சத்திரம்.
இவற்றில் அப்படி எதையும் காணோம் என்கிறார்கள்.
எடை பற்றவில்லை.
அல்லது நேரம்.

"இங்க வெளிச்சம் வந்து சேருததுக்குள்ள
அது போயிருக்கும், என்னக்கா?"
மிக்கேல் கேட்டான். எல்லாரும் கேட்பதுதான்.
இல்லை மக்கா.
அந்த வெளிச்சம் கிளம்பி ஆறாயிரம் வருசத்துக்கு மேல் ஆச்சு.
அதுக்கு அது ஒரு மத்தியானம்.
இந்நேரம் கொஞ்சம் மெலிந்திருக்கும். இருக்கிறது.
இருந்துகொண்டே போய்க்கொண்டிருக்கிறது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபிளாஸ்கில் காப்பி ஆறிப்போயிருந்தது.

ஆனி பிறந்ததும் காற்று வந்துவிட்டது.
மகேந்திரகிரிக்கு அந்தப்புறம் மழையாம்.
எங்கள் தூண்கள் இரவு பகலாய்ச் சுழல்கின்றன,
பதிவேட்டில் எழுதக் கட்டம் போதவில்லை.
மலைமுகட்டில் வெள்ளை வெள்ளையாய் ஏறி
பணகுடிப் பக்கம் இறங்குகிற மேகம்
சமவெளிக்கு வரும் முன்னே
நூல் நூலாய்ப் பிரிந்து ஒன்றுமில்லாமல் ஆகிறது.
ராதாபுரத்துக்காரிக்கு
மேகம் சாவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.
இங்கே இறங்கியதால் கரைகிறது,
அடுத்த துண்டு பின்னாலேயே வருகிறது.
அங்கே வர எதுவும் மிச்சமில்லை.
கரைத்தது கூடப் பிறந்த வெளிச்சம்.
அதில் கோபம் ஏதுமில்லை.
இந்தப் புள்ளி தெரிவதற்கும்
பின்னால் அந்த வெளிச்சம்தான் வேண்டியிருக்கிறது.

மடிக்கணினியில் அந்தப் படத்துக்கு
இன்னும் ஒழுங்கான பெயர் வைக்கவில்லை.
அன்றைக்கு அவசரத்தில் தட்டியது அப்படியே கிடக்கிறது:
தூசி அல்ல, நான்காவது இரவு.

மணி இரண்டு.
காற்று நொடிக்குப் பதினொரு மீட்டர்.
தெற்கே முழுக்க மூடிக்கிடக்கிறது.